ஆடிக்காற்றை நம்பிச் சிலோனுக்கு

எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருக்கின்றன. என் வீட்டுக்காரி சரசுவினுடையதில் சிலோன் முத்திரை பளிச்சென்று விழுந்திருக்கிறது. என்னுடையதில் என் போட்டோவைத் தவிர ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று முதலில் சொன்னவன் நான். போட்டோ பிடிக்கக் கோயமுத்தூருக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனவனும் நான். ஆனாலும் வெளிநாடு போய் வந்தது சரசுதான். இது எப்படி நடந்தது என்று விருந்தாளிகள் கேட்டால் அவள் ஒரு மாதிரியாகச் சொல்லுவாள். அதனால் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

வடகரப்பதியில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் இபுராகிம் ராவுத்தருடையது. கடலை வியாபாரம் செய்பவர். அவர் சம்சாரம் ஜைத்தூனுக்கு ஒரு அக்கா உண்டு. கண்டிப் பக்கம் மலையில் ஒரு தேயிலை ஊரில் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்து இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. கப்பலேறிப் போன அன்றைக்குப் பார்த்ததுதான், பிறகு கடிதம் மட்டும். கடைசியாக வந்த கடிதத்தில், "எனக்கு முட்டி பிடித்துவிட்டது, இனி நான் கடல் தாண்ட மாட்டேன், நீங்களெல்லாம் குடும்பத்தோடு ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள், ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறோம்" என்று எழுதியிருந்தது. ஜைத்தூன் அதைச் சரசுவிடம் படிக்கச் சொல்லி நாலு தடவை கேட்டாள்.

தனியாகப் போகப் பயந்துகொண்டு எங்களையும் வரச் சொன்னார்கள். ஓசியில் வெளிநாடு என்றால் நான் விடுவேனா? நாலு பேருக்கும் பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. வராதது ராவுத்தரின் சம்மதம் ஒன்றுதான்.

ராவுத்தர் பதினைந்து வயதிலிருந்து ஒரு வேளைத் தொழுகையைத் தவறவிட்டவரில்லை. வீட்டுக்கு வெளியே கை நனைத்தவருமில்லை. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனாலும் தூக்குப்போசியில் சோறு போகும். அவருக்குச் சிலோன் என்றால் ஆயிரம் சந்தேகம். "கப்பல் திரும்பீட்டே இருக்குமே கவுண்டரே, எந்தப் பக்கம் பாத்து நின்னு தொழுவறது? அக்கா ஊடு சரி, நம்ம சனம். சுத்திப் பாக்கறேன்னு போற எடத்துல எவன் சட்டியில என்னத்தை ஆக்குனானோ, நமக்கென்னங்க தெரியும்?"

மாசக்கணக்கில் இதே பேச்சு. கடைசியில் ஒருநாள் ஜைத்தூனே எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்க பாருங்க. அஞ்சு நாளைக்கு எங்காச்சும் மலைக்குப் போயிட்டு வருவோம். அக்கா ஊராட்டமே மழையும் தேயிலையும் இருக்கற எடமாப் போலாம். ஒரு வேளை தொழுகை தப்புனாலும் சரி, ஒரு வாய் ஆகாதது உள்ள போனாலும் சரி, நான் சிலோன் பேச்சையே எடுக்க மாட்டேன். ஒண்ணும் தப்பலைன்னா நீங்க கப்பலேறோணும்."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "சரி"ங்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வர அரை மணி நேரம் ஆனது. ஆடி மாதம் போகலாம் என்று அவர்தான் நாள் குறித்தார். மலையில் மழை கொட்டுகிற மாதமாகப் பார்த்து எடுத்தாரே, அந்தச் சூட்சுமத்தை நான் மெச்சினேன்.

எங்கே போவது என்று யோசித்தபோது எனக்கு முத்தையா ஞாபகம் வந்தார். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் ஃபிட்டர். சந்தையில் என்னிடம் ஒரு பசுவை வாங்கிப் போனதிலிருந்து, ஒருதரம் மலைக்கு வாங்க என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்பார். பள்ளிவாசல் என்ற பேரைக் கேட்டதும் ராவுத்தர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே மலைமேலிருந்து இறங்குகிற பெரிய பெரிய இரும்புக் குழாய்களும் மின்சார நிலையமும்தான் பிரசித்தம் என்பதை நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

ஆளுக்கொரு பொறுப்பு வந்தது. சமையல் ஜைத்தூனுக்கு. மூட்டை முடிச்சு சரசுவுக்கு. திசை சொல்லுகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஆடி மாதம் மேற்கு எது என்று யாரும் யோசிப்பதில்லை. கணவாய் வழியாக மேல்காற்று வந்து அறைகிற அறையில் பனைமரமெல்லாம் கிழக்கே தலை சாய்த்து நிற்கும். நான் முப்பது வருஷமாகக் களத்தில் காற்றுப் பார்த்துப் பொலி தூற்றுகிறவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் முகத்தில் எங்கே காற்று அடிக்கிறதோ அங்கே கையை நீட்டுவேன். மக்கா நேர் மேற்கில் இல்லை என்று ராவுத்தர் அதற்கு ஒரு சாண் வடக்கே தள்ளி நின்று தொழுவார். என் களத்தில் அவர் துண்டு விரிக்கும்போதெல்லாம் அப்படித்தான் நடக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். ஜைத்தூன் கொண்டுவந்த சாமான்களைப் பார்த்தால் சிலோனுக்கே குடிபோகிறவர்கள் மாதிரி இருந்தது. சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, மசாலாத் தூள், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்வதற்கு மூக்கு வைத்த பித்தளைக் கெண்டி, தொழுகை விரிப்பு இரண்டு, இதற்கெல்லாம் மேலே ஒரு கூடையில் உயிரோடு இரண்டு நாட்டுக்கோழி. கோழியை ராவுத்தரே அல்லா பேரில் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அவருக்குத் திருப்தி. கண்டக்டர் கோழிகளையும் ஏற இறங்கப் பார்த்தார், எங்களையும் பார்த்தார்.

நாங்கள் கேரளாக்காரர்கள். கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி சின்னாறில் கேரளாவுக்குள் நுழைய வேண்டும். ஒரே பகலில் இரண்டு எல்லை. "சிலோனுக்குக்கூட ஒரு எல்லைதான்" என்று ராவுத்தருக்குத் தைரியம் சொன்னேன். அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார்.

சின்னாறு செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். கூடை மூடியைத் திறந்து காட்டச் சொன்ன வனத்துறைக் கார்டு, உள்ளே இருந்த சாம்பல் நிறக் கோழியைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். மலையாளத்தில் அவர் கேட்டது இது: "காட்டுக்கோழியை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" ராவுத்தருக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். ஆனால் காக்கி உடுப்பைப் பார்த்தால் எந்தப் பாஷையும் வராது. "இது ஊட்டுக் கோழிங்க சார், தவிடு போட்டு வளத்ததுங்க" என்று தமிழில் மன்றாடினார். நம்பிக்கை வரட்டுமே என்று கோழியைக் கையில் எடுத்துக் காட்டினார். அது நின்று பேசுமா? ஒரே உதறல். அந்தாண்டை மரங்களுக்குள் பறந்து மறைந்துவிட்டது.

ராவுத்தர் துரத்திக்கொண்டு ஓடினார். கார்டு கையை விரித்துத் தடுத்தார். "வேண்டாம் பெரியவரே. உள்ளே யானை நிற்கிறது. காட்டுக்குள் போன பிறகு அது காட்டுக்கோழிதான்" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஜைத்தூன் மட்டும் மிச்சமிருந்த கோழியின் காலில் இன்னொரு கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயே சாலையோரம் ராவுத்தர் மதியத்து லுகர் தொழுதார். நல்ல வெயில், திசையில் சந்தேகமே இல்லை. பயணத்தில் நாலு ரக்அத் தொழுகை இரண்டாகக் குறையுமாம். "இது நல்ல ஏற்பாடுங்க" என்றேன். அவர் முறைத்தார்.

பின்நேரத்து அசர் வரைக்கும் வெயில் இருந்தது, அதையும் வழியில் தொழுதுவிட்டார். மேலே ஏற ஏற வேறு உலகம். மூணாறு வந்தபோது மழையும் மூடுபனியும் சேர்ந்து பஸ் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டி காயப்போட்டது போல ஒன்றுமே தெரியவில்லை. ஃபாக்டரி வாசலில் முத்தையா குடையோடு நின்றார். "என்ன அண்ணாச்சி, இந்த மழைக்குள்ள வந்திருக்கிய! வாங்க, வாங்க. மொதல்ல தலையத் துவட்டுங்க." அவர் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வீடு காலியாக இருந்தது. இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா. அதில் எங்களைக் குடிவைத்தார்.

பேரைப் போலப் பள்ளிவாசல் பக்கத்தில் இருக்கிறதா என்று ராவுத்தர் கேட்டார். மூணாறு டவுனில் இருக்கிறது என்றார் முத்தையா. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அங்கே போய்க்கொள்ளலாம் என்று முடிவானது. அதற்குள் அந்தித் தொழுகைக்கு மஃரிப் நேரம் வந்துவிட்டது. கடிகாரத்தில்தான் வந்தது. பொழுது எங்கே இறங்கியது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"முத்தையாவக் கேட்டுக்கலாமுங்களா, மேக்கு எதுன்னு?" என்றார் ராவுத்தர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏனுங்க, முப்பது வருசமாப் பொலி தூத்தற எனக்கு மேக்கு தெரியாதுங்களா? மேக்கைக்கூட ஒருத்தர்கிட்டப் போயிக் கேப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் இறங்கி நின்றேன். ஃபாக்டரிப் பக்கத்திலிருந்து காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. கையை நீட்டினேன். ராவுத்தர் ஒரு சாண் வடக்கே தள்ளி விரிப்பைப் போட்டார். உள் அறையில் ஜைத்தூனும் அதே பக்கம் பார்த்து நின்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் கெண்டியும் கையுமாக வந்து நின்று, "கவுண்டரே, திசை?" என்று கேட்பார். நான் மந்திரி மாதிரி கையை நீட்டுவேன். மலைக்காற்று என்னை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் ஃபாக்டரிப் பக்கமிருந்தே வந்தது.

புதன்கிழமை சோற்றுக்குச் சட்டி போதவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம். ஆனால் அந்தச் சட்டியில் முன்னால் என்ன வெந்ததோ? ராவுத்தர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அவங்க மனசு நோகாம, பன்னி கின்னி ஆக்குவாங்களான்னு நைசா விசாரிச்சுட்டு வாங்க." நைசாக விசாரிப்பதில் நான் கெட்டிக்காரன். முத்தையா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். வானிலை, மாடு, பால் எல்லாம் பேசிவிட்டு, "ஏனுங்க முத்தையா, இந்தப் பக்கம் காட்டுப்பன்னி உண்டுங்களா?" என்றேன்.

அவர் கண்ணாடியை வைத்துவிட்டு எழுந்தேவிட்டார். "அண்ணாச்சிக்கு ஆசையா? நேத்தே சொல்லப்படாதா? சாயங்காலத்துக்குள்ள ஏற்பாடு பண்ணிருதேன். நம்ம பய ஒருத்தன் இருக்கான்."

"ஐயய்யோ, வேண்டாமுங்க!"

"என்ன கூச்சம்? எத்தனை கிலோ வேணும்?"

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவருக்கு உபசாரம் கூடிக்கொண்டே போனது. நல்லவேளையாக அவர் சம்சாரம் செல்லம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "ராவுத்தர் அண்ணன் கேக்கச் சொன்னாகளா? நேராக் கேட்டா என்ன அண்ணாச்சி? பன்னி என் அடுப்புல ஏறுனதே கிடையாது. இவுக திங்கணும்னாலும் வெளிய கல்லு கூட்டித்தான் பொங்கணும்." அதோடு நிற்காமல், ஊர்க் கோயில் கொடைக்குப் பொங்கல் வைக்க என்று வாங்கி வைத்திருந்த புது வெண்கலப் பானையை எடுத்து ஜைத்தூன் கையில் கொடுத்துவிட்டாள். நேராகக் கேட்டால் என்ன என்று அவள் கேட்டது நல்ல கேள்வி. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு முழுக்க மழை. நாங்கள் ஃபாக்டரியைச் சுற்றிப் பார்த்தோம். சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் ராவுத்தர் தேயிலை உலர்த்துகிற அறைச் சூட்டில் போய் நின்றுகொண்டு வெளியே வர மாட்டேன் என்றார். சரசு அங்கிருந்த பெண்களிடம் பேசிப் பேசி, சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த அம்மாள் ஜைத்தூனின் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டிப் பக்கமா? நல்ல குளிரு தாயி. உங்க அக்கா மாதிரி ஆளுக நெறைய இருக்காக. பள்ளியிருக்கு, கறிக்கடை இருக்கு, ஒரு குறையும் இல்ல" என்றாள். ஜைத்தூன் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். கறிக்கடைகூட இருக்குதாமாங்க, பள்ளிகூட இருக்குதாமாங்க என்று ராவுத்தர் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமையும் ஒரு வேளை தப்பவில்லை. ஒரு வாய் ஆகாதது போகவில்லை. ஜைத்தூன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் சிலோனில் என்னென்ன சாப்பிடுவது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று அசர் முடிந்ததும், காலாற நடக்கலாம் என்று முத்தையா என்னைக் குவார்ட்டர்ஸை ஒட்டி நின்ற மேட்டுக்குக் கூட்டிப் போனார். மேட்டின் மேலே ஏறியதும் மழை விட்டது. மூடுபனி கிழிந்தது. மூன்று நாளாகக் காணாத சூரியன் தகதகவென்று மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நான் குவார்ட்டர்ஸைத் திரும்பிப் பார்த்தேன். வராந்தா தெரிந்தது. ஃபாக்டரி தெரிந்தது. சூரியன் ஃபாக்டரிப் பக்கம் இல்லை. நேர் எதிர்ப்பக்கம் இருந்தது.

"முத்தையா, அது சூரியன்தானுங்களே?"

"பின்ன என்ன அண்ணாச்சி?"

"மேல்காத்து அந்தப் பக்கமிருந்துல்ல வரோணும்? உங்க ஊட்டுல ஃபாக்டரிப் பக்கமிருந்து வருதே!"

முத்தையா சிரித்தார். "நம்ம குவார்ட்டர்ஸு மேட்டுக்கு அடியில இருக்குல்லா. மேல்காத்து மேட்டுல மோதித் தாண்டி, பள்ளத்துல உருண்டு, திரும்பி வந்து அடிக்கும். இங்க காத்த வச்சு யாரு தெச பாப்பா? சின்னப்பிள்ளைட்டக் கேட்டாக்கூடச் சொல்லுமே."

செவ்வாய்க்கிழமை மஃரிபிலிருந்து எண்ணிப் பார்த்தேன். பத்து வேளை. பத்து வேளையும் ராவுத்தரையும் ஜைத்தூனையும் மக்காவுக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்திருக்கிறேன். இதைச் சொன்னால் ராவுத்தர் இன்றைக்கே மூட்டை கட்டிவிடுவார். ஜைத்தூனின் சிலோன் போச்சு. என் சிலோனும் போச்சு. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

கீழே வந்தபோது மஃரிப் நேரம். மூடுபனி மறுபடி வந்து மூடிவிட்டது. ராவுத்தர் கெண்டியோடு நின்றார். "கவுண்டரே, திசை?" என் கை தானாக எழுந்தது. ஃபாக்டரிப் பக்கம்தான் நீண்டது. அந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தகும். இரவு இஷாவுக்கும் அப்படியே. மறுநாள் விடிகாலைத் தொழுகைக்கும் அப்படியே.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மூணாறு போனோம். அங்கே போய்த் தெரிந்துகொள்வாரோ என்று பயந்தேன். அத்தனை வளைவு வளைந்து போகிற பாதையில் எந்தத் திசை எங்கே இருக்கிறது என்று யாருக்கு நினைவிருக்கும்? நான் தப்பித்தேன். நானும் சரசுவும் வெளியே கடையில் பரோட்டா சாப்பிட்டோம். ராவுத்தர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது முகம் அப்படி ஒரு தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜைத்தூனைக் கூப்பிட்டார்.

"நாலு நாள் ஆச்சு. நாளைக்குக் கெளம்பறோம். ஒண்ணும் தப்பலை. சரி, உங்கக்காளுக்கு எழுதிப்போடு. வர்றோம்னு எழுது."

ஜைத்தூன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். இருபத்தெட்டு வருஷத்து அழுகை ஜன்னல் வழியாக எங்களுக்குக் கேட்டது. ராவுத்தர் என் தோளில் கை வைத்தார். "கவுண்டரே, என் தொழுகையில நான் இன்னொருத்தரை நம்புனது இதுதான் மொத தடவை. நீங்க இல்லைன்னா இது நடந்திருக்காது."

மிச்சமிருந்த கோழியை அறுத்து, அசர் நேரத்துக்கு முன்னாலேயே நெய்ச்சோறு ஆக்கினார்கள். வெண்கலப் பானையைத் திறந்ததும் வாசம் தூக்கியது. செல்லம்மாவும் முத்தையாவும் வந்து உட்கார்ந்தார்கள். நான் ஜைத்தூன் கைக் கோழிக்காக ஊரையே விற்கக்கூடியவன். அன்று ஒரு கவளம் இறங்கவில்லை. பிசைந்து பிசைந்து வைத்தேன். "அண்ணனுக்கு என்னாச்சு?" என்று ஜைத்தூன் இரண்டு தடவை கேட்டாள். கண்ணெல்லாம் சிவந்து, சிரித்த முகமாக, துண்டு துண்டாகப் பார்த்து எனக்கே வைத்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

சாப்பாடு முடிந்து அவள் பின்பக்கம் பானை தேய்க்கப் போனபோது நானும் போனேன். "அம்மிணி, ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்" என்று ஆரம்பித்து, காற்று, மேடு, சூரியன், வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து தெரிந்தே நீட்டிய மூன்று வேளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த புளி அப்படியே நின்றது.

"எங்கிட்ட எதுக்குங்கண்ணா சொன்னீங்க? அவருகிட்டயே சொல்லியிருக்கலாமுல்ல."

"சிலோன் உன்னுதாச்சே அம்மிணி. நீ வேண்டாம்னு சொன்னா நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

அவள் கையைக் கழுவினாள். "எங்கக்காளைப் பாக்கோணும்னு எனக்கு எத்தனை ஆசைன்னு ஆண்டவனுக்குத் தெரியும். அதுக்காக அவரு தொழுகைய ஏமாத்திப்போட்டுப் போயி நின்னா எங்கக்கா மூஞ்சியில முழிக்க முடியுமுங்களா? எந்திரிங்க. வாங்க." எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அழவில்லை. நான்தான் பின்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு போனேன்.

ராவுத்தர் வராந்தாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து பொழுது எறங்கறப்பங்க."

"அதுக்கு முந்தி?"

"காத்தை நம்பித்தானுங்க சொன்னேன். சத்தியமா."

விரலை மடக்கினார், விரித்தார். எழுந்து கெண்டியில் தண்ணீர் மொண்டு ஒளு செய்தார். "திசை தெரியாத எடத்துல, தேடிப் பாத்துத் தொழுதது கூடும். அந்தப் பத்து வேளைய அல்லா ஏத்துக்குவான். இந்த மூணு வேளைய நான் திருப்பித் தொழுதுக்கறேன்." விரிப்பை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். பழக்க தோஷம், வாய் வந்துவிட்டது. "திசை?"

நான் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். செல்லம்மா வாசலில் நின்றபடி மேட்டைக் காட்டினாள். ராவுத்தர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். உள்ளே ஜைத்தூனும் திரும்பி நின்றாள். மூன்று வேளையும் முடிகிற வரைக்கும் நாங்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். சரசு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் எழுதப் போவதில்லை.

ராவுத்தர் விரிப்பை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜைத்தூன் கதவுக்குப் பின்னால் நின்றாள். கடைசியில் அவளே சொன்னாள்: "நான் சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. இனிச் சிலோன் பேச்சை எடுக்க மாட்டேன்."

"நீ எடுக்க வேண்டாம். நான் எடுக்கறேன்" என்றார் ராவுத்தர். "ஒத்திகை எதுக்கு வைக்கறது? தப்பு எங்க வரும்னு பாக்கத்தான? வந்துருச்சு. எங்கன்னு தெரிஞ்சும் போச்சு." நிதானமாக என் பக்கம் திரும்பினார். "சிலோனுக்குப் போறோம். கவுண்டர் வரலை."

"ஏனுங்க!"

"தெரியாமச் சொன்னதுக்கு மன்னிப்பு உண்டு கவுண்டரே. தெரிஞ்சு சொன்ன மூணு வேளைக்கு அபராதம் உண்டு. நாங்க வர்ற வரைக்கும் எங்க ஊட்டு எருமைய நீங்கதான் பாத்துக்கோணும். சரசு வரட்டும். அது ஒரு தப்பும் பண்ணலை. ஜைத்தூனுக்கும் தொணையாச்சு."

நான் சரசுவைப் பார்த்தேன். அவர் வராவிட்டால் நானும் வரவில்லை என்று ஒரு பேச்சுக்காவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜைத்தூனிடம், "அங்க குளிருமாமே, ஸ்வெட்டர் எடுத்துக்கலாமுங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் மிச்சமிருந்த நெய்ச்சோற்றை எல்லாம் ஒரே மூச்சில் சாப்பிட்டேன். அப்போது இறங்கியது.

மாசி மாதம் மூவரும் கப்பலேறினார்கள். நான் ஒரு மாதம் எருமை கறந்தேன். ராவுத்தர் எருமை ஆள் மாறினால் ஒத்துக்கொள்ளாது. முதல் வாரம் பாலைவிட உதைதான் அதிகம் கிடைத்தது.

திரும்பி வந்ததும் சரசு சிலோனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், இன்னும் நிறுத்தவில்லை. ஜைத்தூன் அதிகம் சொல்லவில்லை. "அக்காளும் நானும் மொத நாள் பேசவே இல்லீங்கண்ணா. கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தோம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னாள். "இவரு கப்பல்லயும் சரி, அக்கா ஊட்டுலயும் சரி, விரிப்பைக் கையில எடுத்தா, 'கவுண்டரே, திசை?'ன்னு கேட்டுப்போடறாரு. அப்பறந்தான் நீங்க வரலைங்கறது நெனப்பு வருது."

ராவுத்தர் எனக்குக் கொழும்பிலிருந்து ஒரு காம்பஸ் வாங்கி வந்திருந்தார். பித்தளை மூடி போட்டது, உள்ளங்கைக்குள் அடங்குவது. கொடுக்கும்போது சிரிக்கவில்லை.

அடுத்த ஆடியில் என் களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. மேல்காற்று அறைந்துகொண்டிருந்தது. பனைகளெல்லாம் கிழக்கே தலை சாய்த்து நின்றன. அசர் நேரத்துக்கு ராவுத்தர் வரப்பில் நடந்து வந்தார். முப்பது வருஷமாக அவர் துண்டு விரிக்கிற இடம் அது. பிறந்த குழந்தைக்குக்கூட அங்கே மேற்கு தெரியும். துண்டை உதறிக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"கவுண்டரே, திசை?"

நான் மடியிலிருந்து காம்பஸை எடுத்தேன். மூடியைத் திறந்து, முள் ஆடி நிற்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கையை நீட்டினேன்.